காய்ச்சல் இல்லாத நாளிலும் போக வேண்டிய டாக்டர்

கேள்வி இதுதான்: குழந்தைக்கு மூன்று மாதம். ஊரில் இருப்பவர் ஒரு குடும்ப டாக்டர்; வீட்டுப் பெரியவர்களுக்குச் சர்க்கரையும் பிரஷரும் பார்ப்பவர் அவரே. குழந்தைகள் நல மருத்துவர் இருப்பது 25 கிலோமீட்டர் தள்ளி. பிள்ளை பெரிதாகும் வரை குடும்ப டாக்டரிடமே காட்டலாமா? எதற்கெல்லாம் போக வேண்டும், எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

தாராளமாகக் காட்டலாம். ஆனால் உடம்பு சரியில்லாத நாளில் மட்டும் போகும் வழக்கத்தை விட வேண்டும். காய்ச்சலோடு அழும் குழந்தையை ஐந்து நிமிடம் பார்த்து யாராலும் அதன் வளர்ச்சியைச் சொல்ல முடியாது. நன்றாக இருக்கும் நாளில் எடை, உயரம், தலைச் சுற்றளவு எடுத்து எழுதி வைத்தவருக்குத்தான் நோய் வந்த நாளில் என்ன மாறியிருக்கிறது என்று தெரியும். பிறந்த முதல் வாரம், பிறகு 6, 10, 14 வாரம், 6, 9, 12, 15, 18 மாதம், 2 வயது, அதற்குமேல் 18 வயது வரை ஆண்டுக்கு ஒரு முறை. பாதிக்கு மேல் தடுப்பூசி நாட்களோடு சேர்ந்தே வருபவை, தனி அலைச்சல் இல்லை. ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கி, ஒவ்வொரு முறையும் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். அரசு தரும் தாய் சேய் நல அட்டையை அதிலேயே செருகி வையுங்கள்.

குடும்ப டாக்டருக்கு ஒரு பலம் உண்டு. அவர் வீட்டையே அறிந்தவர். இரண்டு வாரமாக இருமல் என்று தாத்தா அவரிடம்தான் போவார். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தால், அதே வீட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தை இருப்பது அவருக்கு உடனே நினைவுக்கு வரும். குழந்தைக்குக் காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தடுப்பு மருந்தையும் தொடங்கிவிடலாம். பிள்ளை பெற்றவள் காரணமில்லாமல் அழுகிறாள், தூக்கமில்லை, குழந்தையைத் தூக்கவே பிடிக்கவில்லை என்றால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். குழந்தைக்கு ஊசி போட வந்த இடத்தில் அம்மாவின் முகத்தையும் பார்க்கிற டாக்டர் அதைப் பிடித்துவிடுவார்.

சில குழந்தைகள் தொடக்கத்திலிருந்தே குழந்தைகள் நல மருத்துவரின் கவனிப்பில் இருக்க வேண்டும். 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். அதைத் தவறவிட்டுப் பார்வையை இழந்த குழந்தைகள் உண்டு. பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து, இரண்டு வாய் குடித்துவிட்டு மூச்சு வாங்கி நிறுத்தும் குழந்தைக்கு இதயப் பரிசோதனை தேவை. காய்ச்சல் இல்லாமல் வலிப்பு வந்த குழந்தையும் குழந்தைகள் நல மருத்துவரிடம் இருக்க வேண்டும். இவர்களுக்கும் குடும்ப டாக்டர் வேண்டியவர்தான், ஆனால் சிறப்பு மருத்துவரின் சீட்டைப் படித்துத் தொடர்பவராக.

உங்கள் குழந்தைக்கு இப்போது மூன்று மாதம் என்பதால் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். பிறந்தபோது செவித்திறன் பரிசோதனை செய்தார்களா? செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்யுங்கள். கேட்காத குழந்தைக்கு 6 மாதத்துக்குள் கருவி பொருத்தினால் பேச்சு வரும் வாய்ப்பு பெரிது. தைராய்டு ரத்தப் பரிசோதனை நடந்ததா? பிறவித் தைராய்டு குறைபாட்டைத் தாமதமாகக் கண்டுபிடித்தால் மூளை வளர்ச்சியில் ஏற்படும் இழப்பை ஈடுகட்டவே முடியாது. மாத்திரையோ மிக மலிவானது. ஆண் குழந்தை என்றால் விரைகள் இரண்டும் பைக்குள் இறங்கியிருக்கின்றனவா? 6 மாதம் வரை காத்திருக்கலாம், அதற்குமேல் தானாக இறங்குவது அரிது. அறுவை சிகிச்சையை ஒன்றரை வயதுக்குள் முடித்துவிட வேண்டும். வைட்டமின் டி சொட்டு மருந்து நாளைக்கு 400 யூனிட், ஒரு வயது வரை. ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ள புட்டியும் கடையில் இருக்கிறது, 800 உள்ளதும் இருக்கிறது. கம்பெனி மாறினால் அளவும் மாறலாம், லேபிளைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

எடை விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், அதிகம் தவறு நடப்பது இங்கேதான். பிறந்த எடை ஐந்து மாதத்தில் இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு என்பது பொதுக் கணக்கு. ஆனால் ஒரு நாள் எடையை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டு பெண் குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் குழந்தை 6 மாதத்தில் 7.2 கிலோ, 9 மாதத்தில் 7.6, ஒரு வயதில் 7.7. இரண்டாவது குழந்தை அதே மாதங்களில் 6.0, 6.8, 7.4. ஒரு வயதில் இருவரும் வளர்ச்சி அட்டையின் பச்சைப் பகுதிக்குள்தான் இருக்கிறார்கள். பார்ப்பவர்கள் இரண்டாவதைத்தான் “நோஞ்சான்” என்பார்கள். உண்மையில் அவள் தன் கோட்டிலேயே ஒழுங்காக ஏறுகிறாள். சின்ன உடல்வாகு, அவ்வளவுதான். கவலைப்பட வேண்டியது முதல் குழந்தையைப் பற்றி. நடுக்கோட்டில் இருந்தவள் ஆறு மாதத்தில் அரைக் கிலோதான் ஏறி, கீழ்க்கோட்டை நோக்கிச் சரிந்திருக்கிறாள். ஏன் என்று தேட வேண்டும். பெரும்பாலும் இணை உணவு நீர்த்துப்போனதுதான் காரணம்: ரசம் சாதம், கஞ்சித் தண்ணீர், பாலில் நனைத்த பிஸ்கட். சில நேரம் சிறுநீர்த் தொற்று, சில நேரம் காசநோய். புள்ளிகளைக் கோடாக இணைத்துப் பார்க்காத டாக்டரிடம் இது தெரியாமலே போகும். எடை எடுக்கும்போது டயப்பர் இல்லாமல், முடிந்தவரை ஒரே தராசில் எடுங்கள். இரண்டு வயது வரை நீளத்தைப் படுக்க வைத்தும், அதற்குமேல் நிற்க வைத்தும் அளக்க வேண்டும். முறை மாறினால் முக்கால் சென்டிமீட்டர் வரை வித்தியாசம் வரும்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம், சித்திரை வெயிலிலும் வேண்டாம். நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகிறது, எடை ஏறுகிறது என்றால் பால் போதுகிறது. ஆறு மாதம் முடிந்ததும் உணவு. ஸ்பூனைச் சாய்த்தால் சட்டென வழியாத கெட்டியாக இருக்க வேண்டும். பருப்பு சாதம் நெய் விட்டு, ராகிக் கூழ், இட்லி, மசித்த முட்டை, முள் எடுத்த மீன். 8 மாதம் வரை தினம் இரண்டு மூன்று வேளை, படிப்படியாக ஒரு வேளைக்கு 250 மில்லி கப்பில் அரை கப். ஒரு வயதுக்குமேல் முக்காலிலிருந்து ஒரு கப். தேன் ஒரு வயது வரை கூடாது. ஒரு வயதுக்குமேல் பசும்பால் அரை லிட்டரைத் தாண்டினால் பசி அடங்கிவிடும், இரும்புச்சத்து குறையும். வெளுத்த முகத்தோடு மண், சுண்ணாம்பு, சாக்பீஸ் தின்னும் குழந்தைகளில் பலர் இப்படி வளர்ந்தவர்கள். 6 மாதம் முதல் 5 வயது வரை அரசு தரும் இரும்புச்சத்து சிரப் ஒரு மில்லி, வாரம் இரு முறை. மலம் கறுப்பாகப் போவது அதனால்தான், பயந்து நிறுத்த வேண்டாம்.

வீட்டு வைத்தியத்தை ஒட்டுமொத்தமாகப் பழிக்க மாட்டேன். எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பாட்டுவதில் தீங்கில்லை, தலைக்குக் குளிப்பாட்டும் பாட்டியின் கைப்பக்குவம் பெரிய சொத்து. ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகும். சாம்பிராணிப் புகை வீசிங் உள்ள குழந்தைக்கு ஆகாது. வசம்பு உரசிக் கொடுப்பது, தொக்கம் எடுப்பது, உரம் விழுந்தது என்று தலைகீழாகப் பிடித்து உதறுவது, இவை மூன்றும் அறவே வேண்டாம். எதையும் செய்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார் என்று மறைப்பதால்தான் காரணம் தெரியாமல் சிகிச்சை தாமதமாகிறது.

தடுப்பூசியில் வரும் குழப்பங்கள் மூன்று. “சளி இருக்கு, அடுத்த வாரம் போடலாம்” என்று தள்ளுவது முதலாவது. லேசான சளி, லேசான பேதி எதற்கும் தள்ள வேண்டியதில்லை. இரண்டாவது, ஒரு தவணை விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற எண்ணம். அது தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூன்றாவது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடும் இலவச ஊசி தரம் குறைந்தது என்பது. அப்படி ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். பிறந்தவுடன் பிசிஜி, போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலை பி. 6, 10, 14 வாரத்தில் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி), ரோட்டா (வயிற்றுப்போக்குக்கு), போலியோ. 6, 14 வாரத்திலும் 9 மாதத்திலும் நிமோகாக்கல் ஊசி. 9 மாதத்திலும் ஒன்றரை வயதிலும் தட்டம்மை-ரூபெல்லா. ஒன்றரை வயதிலும் 5 வயதிலும் டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி) பூஸ்டர். 10, 16 வயதில் டிடி (ரணஜன்னி, தொண்டை அடைப்பான்). இந்த அட்டவணையில் இல்லாதவை டைபாய்டு, சின்னம்மை, மஞ்சள் காமாலை ஏ, பொன்னுக்கு வீங்கி, ஃபுளூ. கையில் பணம் குறைவு என்றால் நான் முதலில் சொல்வது டைபாய்டு ஊசி: 6 மாதத்துக்குமேல் ஒரே தவணை. பிசிஜி போட்ட இடத்தில் சில வாரம் கழித்துச் சிறு கட்டி வந்து சீழ் கோத்து ஆறும். அது இயல்பு, களிம்பு போட வேண்டாம்.

இனி காய்ச்சல். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரி. அதற்கு மேற்பட்ட வயதில், குழந்தை விளையாடுகிறது, குடிக்கிறது, சிறுநீர் போகிறது என்றால் முதல் இரண்டு நாள் பாராசிட்டமால் போதும். அளவு எடைக்கு ஏற்ப: கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில், நாளைக்கு நான்கு முறைக்கு மேல் கூடாது. விபத்து நடப்பது புட்டியில். ஒரே மருந்து மூன்று செறிவில் விற்கிறது: சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மி.கி.; ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 120; இன்னொன்றில் 5 மில்லிக்கு 250. பத்துக் கிலோ குழந்தைக்கு வேண்டியது 150 மி.கி. சொட்டு மருந்தில் அது ஒன்றரை மில்லி, 120 சிரப்பில் 6 மில்லிக்குச் சற்று மேல், 250 சிரப்பில் 3 மில்லி. “போன தடவை 6 மில்லி கொடுத்தோமே” என்று சொட்டு மருந்துப் புட்டியிலிருந்து 6 மில்லி எடுத்தால் உள்ளே போவது 600 மி.கி., நான்கு மடங்கு. இரண்டு மூன்று வேளை இப்படிப் போனால் ஈரல் கெடும். சீட்டில் மில்லி மட்டும் எழுதியிருந்தால் மி.கி.யும் எழுதித் தரச் சொல்லுங்கள். சமையல் ஸ்பூன் வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள்.

மழைக்காலத்துக் காய்ச்சலில் டெங்குவை மனத்தில் வைத்து, மெஃபனாமிக் ஆசிட், ஐபுப்ரோஃபென் இரண்டையும் தவிருங்கள். மருந்துக் கடையில் காய்ச்சலுக்கு என்று எளிதாகக் கிடைப்பவை இவை. டெங்குவில் ஆபத்து காய்ச்சல் ஏறும்போது இல்லை, மூன்றாம் நாளுக்குமேல் இறங்கும்போதுதான். “காய்ச்சல் விட்டுடுச்சு” என்று வீட்டில் நிம்மதியாகும் அந்த நேரத்தில் வயிற்று வலி, நிற்காத வாந்தி, சில்லிட்ட கை கால், துவண்டு படுத்தல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை இருந்தால் உடனே சேர்க்க வேண்டும். தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்வது தவறு. ரத்தம் கெட்டிப்பட்டிருக்கிறதா, சிறுநீர் போகிறதா என்பவைதான் முக்கியம்.

6 மாதம் முதல் 5 வயது வரை காய்ச்சலோடு வலிப்பு வரலாம். பார்க்கவே நெஞ்சு பதறும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். கையில் சாவியோ இரும்போ கொடுத்துப் பயனில்லை. ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

வயிற்றுப்போக்கில் குழந்தையைக் காப்பாற்றுவது ஓஆர்எஸ் என்னும் உப்பு சர்க்கரைக் கரைசல். பெரிய பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டரில் கலக்க வேண்டும், சின்ன பாக்கெட்டை 200 மில்லியில். பெரிய பாக்கெட்டில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து டம்ளரில் கலக்கினால் உப்பு கூடிக் குறைந்து போகும். உப்பு மிஞ்சினால் மூளையைத் தாக்கும். ஒவ்வொரு முறை பேதியானதும் 2 வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்குமேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாக. கலக்கியது 24 மணி நேரம்தான். ஓஆர்எஸ் என்று பெயர் போட்டு விற்ற இனிப்புப் பழச்சாறு டப்பாக்கள் பேதியை அதிகமாக்கும். 2025 அக்டோபரில்தான் அந்தப் பெயர் போட இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. கூடவே துத்தநாகம் தினம் 20 மி.கி., ஆறு மாதத்துக்குள் 10 மி.கி., 14 நாள். பேதி நான்காம் நாளே நின்றாலும் 14 நாளும் கொடுங்கள்.

இருமல் மருந்து 5 வயது வரை பொதுவாகத் தேவையே இல்லை. 2 வயதுக்குள் கொடுக்கவே கூடாது. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்து, மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சாதாரணச் சளிக்காகக் கொடுத்த மருந்து அது. சளி பிடித்த குழந்தைக்கு வீட்டில் செய்ய வேண்டியது மூச்சை எண்ணுவது. தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ நிமோனியா என்று எண்ணி ஓடுங்கள்.

பள்ளி வயதில் நோய் குறையும், அதனால் டாக்டர் பக்கம் போவதும் நின்றுவிடும். ஆண்டுக்கு ஒரு முறை பிறந்தநாள் மாதத்தில் போங்கள்: உயரம், எடை, பார்வை, பல், ரத்த அழுத்தம். உயரம் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டருக்குக் குறைவாக ஏறினால் கேள்வி கேட்க வேண்டும். கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருப்பதை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூட்டால் தேய்க்கிறார்கள். அது தேய்த்துப் போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம் அது, உடல் எடையோடு சேர்ந்து வருவது. படுக்கையை நனைப்பதை நிறுத்திவிட்ட பிள்ளை திரும்ப நனைக்கத் தொடங்கி, தண்ணீரும் அதிகம் குடித்து, இளைத்தால் அன்றைக்கே சர்க்கரை பாருங்கள். ஒரு சொட்டு ரத்தம் போதும். ஒரு வாரம் தாமதித்தால் மயங்கிய நிலையில் கொண்டுபோக நேரும்.

வீசிங் உள்ள பிள்ளைக்கு இன்ஹேலர் “பழகிப்போய்விடும்” என்று பயப்பட வேண்டாம். மாத்திரையிலும் சிரப்பிலும் போகும் மருந்தைவிட மிகக் குறைந்த அளவு நேரே நுரையீரலுக்குப் போகிறது. ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குடுவை) இல்லாமல் அடித்தால் மருந்து தொண்டையிலேயே ஒட்டிவிடும். குலுக்கி, ஒரு முறை மட்டும் அழுத்தி, ஐந்தாறு மூச்சு இழுக்க வைத்து, பிறகுதான் அடுத்தது. முடிந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும்.

பத்து வயதுக்குமேல் டாக்டர் அறையின் ஏற்பாடே மாற வேண்டும். கொஞ்ச நேரம் பெற்றோர் வெளியே இருங்கள். பெண் பிள்ளை என்றால் நர்ஸ் ஒருவர் உடன் இருக்கலாம். தூக்கம், பள்ளியில் தொல்லை, போன், புகை, காதல், செத்துவிடலாம் என்ற நினைப்பு, இதெல்லாம் அம்மா அப்பா முன்னால் வாயில் வராது. பேசியது வெளியே போகாது என்று டாக்டர் சொல்வார். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்ல வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அவர் புகார் செய்தே ஆக வேண்டும். தேர்வு முடிவு வரும் நாட்களில் மனநல உதவிக்கான டெலிமானஸ் 14416 எண்ணை வீட்டில் எல்லாருடைய போனிலும் பதிந்து வையுங்கள்.

பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன் மார்பு வளரத் தொடங்கினாலும், 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலும் காட்டுங்கள். முதல் ஓரிரு ஆண்டு மாதவிடாய் 21 முதல் 45 நாள் இடைவெளியில் வருவது இயல்பு. ரத்தப்போக்கு ஏழு நாளைத் தாண்டினாலும், மணிக்கு ஒரு முறை நாப்கின் மாற்ற நேர்ந்தாலும் இயல்பு இல்லை. ரத்தம் உறையாத நோயாகவும் இருக்கலாம். ஹீமோகுளோபின் 12க்குக் கீழ் இருந்தால் இரத்தசோகை. பூப்பெய்திய பெண்ணுக்கு வழக்கமாகத் தரும் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுங்கள், முட்டையை மட்டும் பச்சையாகத் தராமல் அவித்துக் கொடுங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசி 9 முதல் 14 வயதுக்குள் என்றால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை, 15க்குமேல் மூன்று.

பையன்களுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுத்தே ஆக வேண்டும். விரையில் திடீரென்று கடும் வலி வந்தால், நள்ளிரவானாலும் எழுப்பிச் சொல்லச் சொல்லுங்கள். விரை முறுக்கிக்கொண்டால் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடக்க வேண்டும். வெட்கத்தில் “வயித்து வலி” என்று சொல்லிப் படுத்துவிடுகிறார்கள், விடிந்தால் நேரம் கடந்துவிடுகிறது.

18 வயதில் கல்லூரி விடுதிக்குப் போகும்போது அந்த அட்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குடும்ப டாக்டரிடம் நாலு வரி எழுதி வாங்கி, போனில் படமெடுத்துப் பிள்ளையிடம் கொடுங்கள்: ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, கடைசி டிடி ஊசி போட்ட தேதி, தொடர்ந்து எடுக்கும் மருந்தின் பெயரும் மி.கி. அளவும். வெளியூரில் அடிபட்டோ மூச்சு வாங்கியோ போய் நின்றால், பணி டாக்டர் முதலில் கேட்பது இந்த நான்கையும்தான்.